மீனின் விலைக்கு உள்ள மறைவு நம் பிள்ளையின் முகத்திற்கு இல்லையா?



அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் நல்லதொரு முன்மொழிவு வந்தது. பள்ளியின் கூடுதல் வகுப்புகளையும் வாசிப்பு நிகழ்ச்சிகளையும் காணொளியாகப் பதிவு செய்து, உடல்நலமின்றி வராத பிள்ளைகளும் வேலைநேரம் மாறிமாறி வரும் பெற்றோரும் வீட்டிலிருந்தே பார்க்க வழிசெய்யலாம் என்றார்கள். அனைவரும் வரவேற்றனர், நானும் வரவேற்றேன். "பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது" என்று அடுத்த குரல் எழுந்தபோதுதான் நான் மறுத்தேன். பள்ளிக்கென்று சிறியதொரு காணொளி வழங்கியை அமைப்போம், காணொளியை மறையாக்கம் செய்து அனுப்புவோம், அதைத் திறக்கும் திறவியை நம் பெற்றோருக்கு மட்டும் கொடுப்போம் என்றேன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "சார், நாம் பள்ளிக்கூடம் நடத்துகிறோமா, வங்கி நடத்துகிறோமா? மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?" என்றார் ஒரு தந்தை. கைதட்டலும் கிடைத்தது.

அன்று விடை சொல்ல எனக்கு ஐந்து நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

செவியில் சொல்லும் சந்தை

கோத்தா கோலா மூடாவை வெளியூரார் பலர் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய ஊராகவே அறிவார்கள். கெடாவிற்கும் பினாங்கின் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடிவரும் மூடா ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஆனால், சுங்கை பட்டாணியிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு அவ்வூர் என்றதும் நினைவுக்கு வருவது 'பாசார் பீசிக்'. கிசுகிசுச் சந்தை!

அங்கு மீன் ஏலம் விடும் முறையைப் பார்த்திருப்பீர்கள். படகிலிருந்து இறங்கிய மீன் அனைவர் கண்ணுக்கும் தெரியும்படி குவிந்திருக்கும். வாங்க விரும்புபவர் ஒவ்வொருவராக ஏலம் நடத்துபவரை நெருங்கி, தாம் தரக்கூடிய விலையை அவர் செவியில் மட்டும் மெல்லச் சொல்வார். உயர்ந்த விலையைச் சொன்னவருக்கு மீன் போய்ச் சேரும்.

அங்கே யாரும் திருடர் அல்லர். கள்ளப் பேரமும் இல்லை. ஆயினும், "மறைப்பதற்கு என்ன இருக்கிறது, உரக்கச் சொல்லுங்கள்" என்று அச்சந்தையில் எவரும் கூச்சலிடுவதில்லை. யாருக்குச் சொல்ல வேண்டியதோ அவருக்கு மட்டும் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பதை அங்குள்ள அனைவரும் ஏற்றிருக்கிறார்கள். மறையாக்கம் என்பது இதுதான். பார்க்க வேண்டியவர் பார்க்கட்டும், மற்றவர் பார்க்க வேண்டா என்று வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு. குற்றத்தை மூடி மறைக்கும் போர்வையாக அதை எண்ணிச் சிரிப்பது அறியாமை.

ஒரு கூடை மீனின் விலைக்கு இவ்வளவு மரியாதை தரும் மாவட்டத்தில், ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்திற்கும் குரலுக்கும் வீட்டிற்கும் அதே மரியாதையைக் கேட்டால் நகைப்பிற்கு உரியதாகிவிடுகிறதே, இது எவ்வகை நியாயம்?

நானே செய்த தவறு

பிறரைக் குறைசொல்லும் முன் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு நம்மில் பலர் ஒரே வாரத்தில் இணைய ஆசிரியர்களாக மாறினோம். 2021இல் என் மூன்றாம் ஆண்டு மாணவர்களின் வாசிப்பு வகுப்பு ஒன்றைப் பதிவு செய்தேன். ஒரு மாணவி தோட்டத்து லயத்து வீட்டின் கூடத்தில் அமர்ந்து உரைப்பகுதியை வாசித்தாள். லகர ளகர ழகரங்களில் தடுமாறினாள். திருத்தியதும் சிரித்துக்கொண்டே மீண்டும் வாசித்தாள். பின்புறம் கயிற்றில் துணிகள் தொங்கின. இரவு வேலை முடித்து வந்த அவள் தந்தை பாயில் உறங்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளின் உழைப்பை ஊர் பார்க்கட்டும் என்ற பெருமையில், அந்தக் காணொளியை யாரும் பார்க்கக்கூடிய பக்கத்தில் நானே ஏற்றினேன்.

பத்து நாள்கள் கழித்து, என் சொந்த உறவினர் புலனக் குழுவிலேயே அது திரும்பி வந்தது. அவள் தடுமாறிய பகுதியை மட்டும் யாரோ வெட்டி, பின்னணியில் சிரிப்பொலி சேர்த்து, 'தமிழ்ப்பள்ளித் தமிழ்' என்று தலைப்பிட்டுப் பரப்பியிருந்தார்கள். சிரித்த முகக்குறிகளை என் உறவினர்களே இட்டிருந்தார்கள். அப்பிள்ளையின் வீட்டிற்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வகுப்பிலிருந்து அவள் ஒளிப்படக்கருவியை அணைத்து வைத்தாள். பள்ளி மீண்டும் திறந்த பின்பும் பல மாதங்கள் அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. அவள் தந்தை என்னிடம் கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க சார், நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். அச்சொற்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

மறைப்பதற்கு அந்தக் காணொளியில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை! பிழையோடு வாசித்துக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை இருந்தாள், அவ்வளவுதான். வகுப்பறை என்பது பிழை செய்வதற்கான இடம். அந்த இடத்திற்குச் சுவர் இருப்பதால்தான் பிள்ளை துணிந்து பிழை செய்கிறாள். அச்சுவரை இடித்தவன் நான்.

மறையாக்கம் எவ்வாறு வேலை செய்கிறது?

இதனை ஏதோ உளவுத்துறை வேலை என்று எண்ணுவோருக்காக எளிமையாக விளக்குகிறேன்.

வழங்கி என்பது, கேட்பவரின் கைப்பேசிக்கோ கணினிக்கோ காணொளியை அனுப்பிவைக்கும் கணினி. இன்று பெரும்பாலும் கையாளப்படும் எச்.எல்.எஸ். முறையை ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்தியது. இம்முறையில் முழுக் காணொளியும் ஒரே கோப்பாகப் போவதில்லை. ஏறத்தாழ ஆறு வினாடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. அரைமணி நேரப் பாடமென்றால் 300 துண்டுகள். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று சொல்லும் பட்டியல் ஒன்றும் உடன் செல்கிறது.

இந்த 300 துண்டுகளையும் ஏ.இ.எஸ். என்னும் முறையில் பூட்டலாம். பெல்ஜியம் நாட்டு அறிஞர்கள் இருவர் வடிவமைத்து, 2001இல் அமெரிக்க அரசு தன் தர முறையாக ஏற்றுக்கொண்ட மறையாக்கம் இது. உலகெங்கும் வங்கிகளும் பயன்படுத்துவது இதைத்தான். இதற்குரிய திறவி வெறும் 16 பைட்டு. ஆனால், அந்த 16 பைட்டில் அமையக்கூடிய திறவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. ஊகித்துத் திறப்பது நடவாத செயல்.

பட்டியலைப் படிக்கும் கைப்பேசி, "திறவி எங்கே?" என்று வழங்கியைக் கேட்கும். கேட்பவர் நம் பள்ளிப் பெற்றோர்தாமா என்று கடவுச்சொல்லைக் கொண்டு சரிபார்த்த பின்னரே வழங்கி திறவியைக் கொடுக்கும். துண்டுகளை எவர் அள்ளிச் சென்றாலும் திறவியின்றி அவை வெறும் குப்பை.

இதற்கு விலைகொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. காணொளியை நறுக்கிப் பூட்ட எஃப்.எஃப்.எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. துண்டுகளைப் பரிமாற என்ஜின்எக்ஸ் இருக்கிறது. வழங்கிக்கும் வீட்டிற்கும் இடையிலான பாதையைப் பூட்டத் தேவையான சான்றிதழை, 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எவருக்கும் இலவயமாகத் தருகிறது. முன்பு ஆண்டுதோறும் பணம் கட்டிப் பெற்ற சான்றிதழ் அது.

மூன்று ஏமாற்றுகள்

மறையாக்கத்தை ஆதரிக்கும் நான், மறையாக்கம் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றையும் சொல்லியாக வேண்டும்.

1. 'பட்டியலிடப்படாத' காணொளி. வலையொளியில் இவ்வாறு ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று ஆசிரியர் பலர் நம்புகிறார்கள். இல்லவே இல்லை! தேடினால் கிடைக்காது, அவ்வளவே. இணைப்பு யார் கையில் கிடைக்கிறதோ அவர் பார்க்கலாம், மற்றவருக்கும் அனுப்பலாம். புலனத்தில் ஒரு விரல் தட்டினால் இணைப்பு ஊர் சுற்றிவிடும். இது பூட்டாத வீடு. முகவரிப் பலகையை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம்.

2. கதவருகே தொங்கும் சாவி. சொந்தமாக வழங்கி அமைப்போர் செய்யும் பிழை இது. துண்டுகளை எல்லாம் முறையாகப் பூட்டுவார்கள். திறவிக் கோப்பையும் அதே கோப்புறையில், எவரும் எடுக்கும்படி வைத்துவிடுவார்கள். பட்டியலைப் படிக்கத் தெரிந்த எவரும் திறவியையும் எடுத்துக்கொள்ளலாம். 'மறையாக்கம் செய்தாயிற்று' என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளத்தான் அது உதவும்.

3. சொல்லில் மட்டும் மறையாக்கம். 2020இல் உலகமே சூம் செயலியில் வகுப்பு நடத்தியது. முனைக்கு முனை மறையாக்கம் உண்டு என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. அவ்வாண்டு ஏப்ரலில் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடம் அதைச் சோதித்து, சொன்னபடி இல்லை என்று வெளிப்படுத்தியது. கூட்டத்திற்கான திறவியை நிறுவனத்தின் வழங்கியே உருவாக்கியது. பயன்படுத்திய மறையாக்க முறையும் வலுவற்றது. பின்னர் அந்நிறுவனம் தன் முறையைத் திருத்திக்கொண்டது. முனைக்கு முனை மறையாக்கத்தை அவ்வாண்டு அக்டோபரில் தரத் தொடங்கியது. அமெரிக்க வணிக ஆணையத்துடன் நவம்பரில் உடன்பாடும் கண்டது. நாம் கற்க வேண்டியது ஒன்று. 'பூட்டியிருக்கிறதா' என்ற கேள்வி போதாது. 'திறவி யார் கையில்' என்றும் கேட்க வேண்டும்.

மீண்டும் பாசார் பீசிக்கை நினைத்துப் பாருங்கள். வாங்குபவர் எல்லாரும் தம் விலையை ஒருவர் செவியில்தான் சொல்கிறார்கள். அந்த ஒருவர் அத்தனை விலைகளையும் அறிவார். அவர் ஊரறிந்த மனிதர், நாளையும் அதே கரையில் நிற்க வேண்டியவர் என்பதால்தான் சந்தை நடக்கிறது. நம் பிள்ளைகளின் காணொளிக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய தொலைவில் அவர் இருக்க வேண்டும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

*"அமைச்சு கொடுத்த டெலிமா இருக்கிறதே?"* உண்மை. 2020 ஜூனிலிருந்து அத்தளம் இருக்கிறது. அதற்குள், உரிய கணக்கு உள்ளோருக்கு மட்டும் பகிரப்படும் பாடம், முகநூலில் திறந்து கிடக்கும் பாடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். சொந்த வழங்கி அமைக்க இயலாத பள்ளிகள் அதையே பயன்படுத்துங்கள், நான் தடுக்கவில்லை. ஆயினும், பிறர் தளம் பிறர் தளமே. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் 'ஃபுரோக்' தளம் 2019இல் நிறுத்தப்பட்டது. நம் பாடங்களை அடுத்த தளத்திற்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, மறந்துவிட்டதா? நம் பெட்டியில் இருப்பது நம்மிடம் இருக்கும்.

*"மறையாக்கம் செய்தால் பிள்ளைகளின் தரவு கூடுதலாகச் செலவாகும்."* இந்தக் கவலை நியாயமானது. முன்கட்டணத் தரவை எண்ணியெண்ணிப் பயன்படுத்தும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. கணக்கிட்டுப் பாருங்கள். இம்மறையாக்கம் ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 16 பைட்டுதான் கூட்டுகிறது. 300 துண்டுகளுக்கு 4,800 பைட்டு. தரவைத் தின்பது படத்தின் தரம். நொடிக்கு 1 மெகாபிட் அளவில் அரைமணிப் பாடம் 225 மெகாபைட்டு ஆகும். கரும்பலகையும் குரலும் தெளிவாக இருந்தால் போதும் என்று 400 கிலோபிட்டுக்குக் குறைத்தால் 90 மெகாபைட்டு. பொதுத் தளங்களில் பாடத்திற்கு முன்னும் இடையிலும் ஓடும் விளம்பரங்களுக்கும் நம் பிள்ளையின் தரவுதானே செலவாகிறது? அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

*"நம் பள்ளி இணையம் தாங்குமா?"* 400 கிலோபிட் பாடத்தை 25 பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் மேலேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் வேண்டும். பள்ளியில் அந்த வேகம் இல்லையென்றால், உள்நாட்டுத் தரவுமையத்தில் சிறியதொரு வழங்கியைச் சங்கத்தின் பெயரில் வாடகைக்கு எடுக்கலாம். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடவும் பரிசுக்கோப்பை வாங்கவும் நன்கொடை திரட்டும் நமக்கு இது முடியாத காரியமா?

*"பார்க்கும் பெற்றோரே இன்னொரு கைப்பேசியால் படம்பிடித்துப் பரப்பினால்?"* கூட்டத்தில் எழுந்த கேள்விகளுள் மிகச் சிறந்தது இது. ஒப்புக்கொள்கிறேன்: மறையாக்கம் அதைத் தடுக்காது. உலகின் பெரிய திரைப்பட நிறுவனங்களாலேயே முடியவில்லை. 1996இல் சந்தைக்கு வந்த டிவிடி வட்டுகளுக்குப் பூட்டு இருந்தது. 1999இல் அது உடைக்கப்பட்டு இணையம் முழுதும் பரவிவிட்டது. திறவி 40 பிட் என்னும் சிறிய அளவினது என்பது ஒரு காரணம். படத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக் கருவியிலும் ஏதோவொரு திறவி இருந்தே தீர வேண்டும் என்பது மற்றொரு காரணம். திறவியைப் பெற்றவரிடமிருந்து பொருளைக் காக்க இயலாது.

ஆனால், அதனால் பூட்டே வேண்டா என்பது என்ன வாதம்? வீட்டிற்குள் அழைக்கப்பட்ட விருந்தினர் திருடக்கூடும் என்பதற்காக வாசற்கதவைக் கழற்றி வைப்பவர் உண்டா? என் மாணவியின் காணொளியை வெட்டியவர் எவரென்று இன்றுவரை தெரியாது. நாடு முழுவதும் அதைப் பார்க்க முடிந்ததால் எவரையும் கேட்க முடியவில்லை. நாற்பது குடும்பங்கள் மட்டுமே பார்த்திருந்தால், நாற்பது பேரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். தீங்கு நேர்ந்தால் பொறுப்புக் கேட்க ஓர் எல்லை வேண்டும். மறையாக்கம் அந்த எல்லையைத் தருகிறது. எல்லைக்குள் ஒழுக்கத்தை நாம்தான் வளர்க்க வேண்டும்.

சட்டம் வரும் என்று காத்திருக்காதீர்

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அது வணிகப் பரிமாற்றங்களுக்கான சட்டம். கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. வகுப்பறையில் ஆசிரியர் ஆர்வத்தில் எடுத்து ஏற்றும் காணொளிக்கு அச்சட்டம் ஓடிவந்து காவல் நிற்கும் என்று நம்ப வேண்டா. அந்தக் காவல் நம் பொறுப்பு.

ஆகவே, ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன்பும் இவற்றை வைக்கிறேன்:

1. பிள்ளைகளின் முகமும் குரலும் உள்ள வகுப்புக் காணொளி எதுவும் பொதுத் தளத்தில் ஏறக்கூடாது. பரிசளிப்பு, மேடை நிகழ்ச்சி போன்றவற்றைப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலோடு வெளியிடலாம்.

2. பாடக் காணொளிகள் மறையாக்கம் செய்யப்பட்டு, குடும்பத்திற்கு ஒரு கணக்கு என்ற முறையில் மட்டுமே கிடைக்க வேண்டும். பாடத்திற்குப் பாடம் திறவி மாற வேண்டும். பள்ளியை விட்டுச் செல்லும் குடும்பத்தின் கணக்கு மூடப்பட வேண்டும்.

3. வழங்கியின் நிருவாகக் கடவுச்சொல் ஓர் ஆசிரியரிடமும் ஒரு பெற்றோரிடமும் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் மாற்றலாகிப் போகும்போது எல்லாம் போய்விடும்.

4. ஆசிரியரின் கைப்பேசியில் கிடக்கும் மூலப்பதிவை மறவாதீர்கள். அது பூட்டப்படாதது, பல கைப்பேசிகள் அதைத் தாமாகவே மேகக் கிடங்கிற்கும் அனுப்பிவிடும். வழங்கியில் ஏற்றியதும் இரண்டிலும் அழியுங்கள்.

5. ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் இடம்பெறும் பதிவுகளை அழித்துவிடுங்கள். பாடம் மட்டும் உள்ளவற்றை வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டா. ஒரு பழைய மேசைக் கணினி, கணினியறிவு மிக்க முன்னாள் மாணவர் ஒருவரின் இரண்டு வார இறுதிகள், சங்கத்தின் ஒரு தீர்மானம் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். நம் தோட்டங்களிலிருந்து படித்துச் சென்று பினாங்கிலும் கூலிமிலும் கணினித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் எத்தனை பேர்! அழைத்தால் வரமாட்டார்களா?

கைதட்டிய பெற்றோர் எவர்மீதும் எனக்கு வருத்தமில்லை. 2021இல் நானும் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். சென்ற ஆண்டு சுங்கை பட்டாணிக் கடைவீதியில் தன் தாயுடன் எதிரே வந்தாள். மகிழ்ச்சியோடு வணக்கம் சொன்னாள். நலம் கேட்டுவிட்டு, அவளைப் படமெடுக்கலாமா என்று என் பழைய பழக்கத்தில் கைப்பேசியை எடுத்தேன். அவள் புன்னகை மாறாமல், "எங்கயும் போட மாட்டீங்கதானே சார்?" என்று கேட்டாள்.

நான் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட அந்தத் தந்தைக்கு, அடுத்த கூட்டத்தில் நான் தரப்போகும் விடை இதுவே. தீர்மானத்தையும் எழுதி எடுத்து வருவேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், வாக்கெடுப்பு நடக்கட்டும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!